அணைத்த கணினி தானாக ஆன் ஆகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்

மதுரையில் இருக்கும் அத்தை ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்கு போன் செய்தார். "கண்ணா, அந்தக் கம்ப்யூட்டர் மறுபடியும் தானா ஓடுதுடா. ராத்திரி என் கையால அணைச்சிட்டுத்தான் படுத்தேன்." குரல் நடுங்கியது. தனியாக இருப்பவர். இருட்டான கூடத்தில் திடீரென்று விசிறிச் சத்தமும் நீல வெளிச்சமும் வந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். இரண்டு வாரம் முன்புதான் பக்கத்து சர்வீஸ் கடையில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிக் கொடுத்திருந்தார்கள். பணம் போனதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் காரணம் பிடிபட்டது. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பிரச்சினையில் எல்லோரும் முதலில் கேட்பது "எதை மாத்தணும்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள்: கணினி எந்த நிலையிலிருந்து எழுகிறது? எந்த நேரத்தில் எழுகிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பெரும்பாலான வீடுகளில் காசு செலவில்லாமலே வேலை முடிந்துவிடும்.

அணைந்த கணினிக்குள்ளும் கரண்ட் ஓடுகிறது

பழைய கணினிகளில் பவர் பட்டனை அமுக்கினால் கரண்ட் நிஜமாகவே துண்டிக்கப்படும், லைட் சுவிட்சைப் போல. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்புக்குப் பிறகு அப்படி இல்லை. சுவிட்ச் போர்டில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மின்சாரத்தை ஊதா நிற வயர் வழியாக மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை) அனுப்பிக்கொண்டே இருக்கும். ஷட்டவுன் செய்த பிறகும் நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுதான் காரணம்.

முன்பக்கப் பட்டன் இப்போது வெறும் காலிங் பெல் மாதிரி. அமுக்கினால் மதர்போர்டுக்கு ஒரு சேதி போகும். மதர்போர்டு பச்சை வயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸிடம் "முழு பவர் கொடு" என்று கேட்கும். அதே சேதியைக் கீபோர்டு அனுப்பலாம், நெட்வொர்க் அனுப்பலாம், உள்ளேயிருக்கும் கடிகாரம் அனுப்பலாம். போன கரண்ட் திரும்பி வந்தால், மதர்போர்டு தானே முடிவெடுத்து எழவும் செய்யலாம். அப்படியானால் யாரோ பெல் அடிக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

ஒரு காலண்டர் தாளை எடுத்துக் கணினி பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை அது தானாக எழும்போதும் மணி எத்தனை, கடைசியாக நீங்கள் என்ன செய்தீர்கள், வீட்டில் கரண்ட் போய் வந்ததா என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால் அட்டவணை போட்ட ஏதோ வேலை. நேரம் தாறுமாறாக இருந்தால் கரண்ட், நெட்வொர்க், மவுஸ், பட்டன் இவற்றில் ஒன்று.

அடுத்து, எந்த நிலையிலிருந்து எழுகிறது என்று பாருங்கள். ஷட்டவுன் கொடுத்ததும், அணைவதுபோலப் போய், சில நொடியில் மறுபடி ஓடத் தொடங்குகிறதா? அது ஒரு வகை. முழுதாக அணைந்து, மணிக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு எழுகிறதா? அது இரண்டாவது. எழுந்ததும் நீங்கள் திறந்து வைத்த பைல்கள் அப்படியே இருந்தால், அது அணைந்திருக்கவே இல்லை, ஸ்லீப்பில் இருந்திருக்கிறது. அது மூன்றாவது. வீட்டில் "ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் ஸ்லீப்பைத்தான் அழுத்தியிருப்பார்கள். ஆகவே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எப்படி அணைக்கிறார்கள் என்று ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

விண்டோஸே ஒரு டைரி எழுதுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கணினி எழுந்த நேரத்தை ஒட்டி இருக்கும் வரிகளைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் குறிகள் நிறைய இருக்கும். நல்ல கணினியிலும் அப்படித்தான், பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது ஈவென்ட் ஐடி என்ற இடத்தில் வரும் சில எண்கள் மட்டும்:

1, சோர்ஸ் என்ற இடத்தில் பவர் ட்ரபிள்ஷூட்டர் என்றிருந்தால்: தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறது. உள்ளே வேக் சோர்ஸ் என்ற வரியில் எழுப்பியது யார் என்றே போட்டிருக்கும்.

1074: ஏதோ ஒரு நிரலோ ஆளோ முறைப்படி அணைக்கவோ ரீஸ்டார்ட் செய்யவோ சொன்னது. எந்த நிரல் என்ற பெயரும் இருக்கும். விண்டோஸ் அப்டேட் இங்கேதான் மாட்டும்.

41, சோர்ஸ் கெர்னல் பவர்: முறையாக அணையாமல் திடீரென்று நின்று, பிறகு எழுந்திருக்கிறது. 6008ம் இதையே சொல்லும். கரண்ட் போயிருக்கலாம், உள்ளே கோளாறாக இருக்கலாம்.

ஷட்டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறதா?

அணையும் நேரத்தில் ஏதாவது ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் சிறு நிரல்) சிக்கிக்கொண்டு விண்டோஸ் விழுந்துவிட்டால், அது தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. பிழையைக் காட்டும் நீலத் திரை கண்ணில் படுவதற்குள் கணினி மறுபடி ஓடத் தொடங்கிவிடும். நமக்கு அது "தானாக ஆன் ஆகிறது" என்று தெரியும். இதைச் சோதிக்க, விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் சிஸ்டம் ப்ராப்பர்டீஸ் அட்வான்ஸ்டு என்ற மூன்று சொற்களையும் இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி பகுதியில் செட்டிங்ஸை அழுத்தி, ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி விழுந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மேல். விண்டோஸ் 8இல் வந்த வசதி இது. ஷட்டவுன் என்று நீங்கள் சொன்னாலும், விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் பாதித் தூக்கத்துக்குத்தான் போகும். மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக. பழைய டிரைவர்கள் சில இதோடு ஒத்துப்போவதில்லை. சோதிப்பது சுலபம்: ஷிஃப்ட் சாவியைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்யுங்கள். அப்போது முழுதாக அணையும். ஷிஃப்ட் பிடித்தால் ஒழுங்காக அணைகிறது, பிடிக்காவிட்டால் திரும்பி வருகிறது என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்" என்ற இடத்துக்குப் போய், இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற வரியைக் கிளிக் செய்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) இருக்கும் கணினியில் இதனால் இழப்பது சில நொடிகள்தான்.

"அப்டேட் செய்து ஷட்டவுன்" என்று கொடுத்தும் கணினி மறுபடி எழுந்து உட்கார்ந்திருந்தால், அது உங்கள் கைப்பிழை அல்ல. விண்டோஸில் வெகுகாலம் இருந்த பிழை அது. விண்டோஸ் 11க்கு 2025 இறுதியில்தான் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அப்டேட்டுகளை முடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பி சாமான்களையும் பிடுங்கிவிட்டு அணைத்துப் பாருங்கள். ஒழுங்காக அணைந்தால், ஒவ்வொன்றாகச் செருகிச் சோதியுங்கள்.

முழுதாக அணைந்த பிறகு எழுகிறதா?

அத்தை வீட்டுக் கதை இங்கேதான் வருகிறது. கணினியை ஷட்டவுன் செய்தேன். விசிறி நின்றது. சுவிட்ச் போர்டில் சுவிட்சை அணைத்தேன். இருபது வரை எண்ணினேன். சுவிட்சைப் போட்டேன். பட்டனைத் தொடவில்லை, கணினி "விர்" என்று ஓடத் தொடங்கியது. அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடிகாலையில் கரண்ட் போகுமா அத்தை?" என்று கேட்டேன். "இல்லையேடா, ஃபேன் நிக்கிறதே இல்ல" என்றார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆனா ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக்குனு சத்தம் போடும்" என்றார்.

அதோடு புரிந்துவிட்டது. ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன; ஃப்ரிட்ஜும் கணினியும் நேர் லைனில். விடிகாலையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால், ஃபேன் காற்றில் தூங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. கணினிக்குத் தெரியும். அந்தக் கணினி, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய மெஷின். அங்கே காலையில் மெயினைப் போட்டதும் எல்லாக் கணினியும் தானாக எழ வேண்டும் என்று பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை நிரல்) அமைத்து வைத்திருந்தார்கள். கடைக்கு அது வசதி. தனியாக இருக்கும் வீட்டுக்கு அது பயம்.

உங்கள் வீட்டிலும் முதலில் இந்தச் சுவிட்ச் சோதனையைச் செய்யுங்கள். சுவிட்ச் போட்டதுமே எழுந்தால், பயாஸுக்குள் போக வேண்டும். கணினி எழும் நேரத்தில் டெலீட் சாவியையோ (சுருக்கமாக டெல் என்று எழுதியிருக்கும்) எஃப்2வையோ விடாமல் தட்டுங்கள். எச்பி கணினிகளில் எஃப்10. பிடிபடவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப், ரீஸ்டார்ட் நவ் என்று போய், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் வழியாகவும் நுழையலாம்.

உள்ளே பவர் மேனேஜ்மென்ட் அல்லது அட்வான்ஸ்டு என்ற பகுதியில் தேடுங்கள். கம்பெனிக்கு ஒரு பெயர்: அசூஸில் ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ், கிகாபைட்டில் ஏசி பேக், டெல்லில் ஏசி ரெக்கவரி, எச்பியில் ஆஃப்டர் பவர் லாஸ். எல்லாவற்றிலும் மூன்று விருப்பங்கள்தான்: கரண்ட் வந்ததும் ஆன் ஆவது, ஆஃபாகவே இருப்பது, கரண்ட் போகும்போது இருந்த நிலைக்குத் திரும்புவது. ஆஃப் என்று வையுங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

அங்கேயே இருக்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆர்டிசி அலாரம் என்பது உள் கடிகாரத்தின் அலாரம். தினமும் ஒரே நேரத்தில் எழும் கணினியில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கீபோர்டால் எழுவது, பிசிஐ இ (நெட்வொர்க் கார்டு போன்றவை செருகும் இடம்) வழியாக எழுவது என்ற வரிகளும் இருக்கும். வீட்டில் இவை ஒன்றும் வேண்டியதில்லை, அணைத்துவிடலாம். சில மதர்போர்டுகளில் எர்ப் என்று ஒரு வரி இருக்கும். அணைந்த கணினி குடிக்கும் மின்சாரத்தைக் குறைக்க ஐரோப்பிய விதிகளுக்காக வந்தது. அதை எனேபிள் செய்தால், அணைந்த நிலையில் எழுப்பும் வழிகளில் பெரும்பாலானவை ஒரேயடியாக அடைபட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை அதே காலண்டர் தாளில் எழுதுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

மாற்றி வைத்தது சில வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறதா? கூடவே கடிகாரமும் தேதியும் தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: பயாஸ் அமைப்புகள் அழிந்தால் சில கணினிகளில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தன் ரெக்கவரி கீயைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுப் போட்டோக்களை இழந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயாஸில் எல்லாம் சரி, ஆனாலும் எழுகிறது என்றால் பட்டனையே சந்தேகப்படுங்கள். தூசி ஏறியோ ஸ்பிரிங் தளர்ந்தோ பட்டன் பாதி அமுங்கிய நிலையில் நின்றுவிடும். இதைச் சோதிக்க, வயரை எல்லாம் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைத் திறந்து, முன்பக்கப் பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய இரட்டை வயரைத் தேடுங்கள். பவர் ஸ்விட்ச் என்று சுருக்கமாக எழுதியிருக்கும். எழுத்து எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, அதை மட்டும் உருவிவிடுங்கள். பிறகு கரண்ட் கொடுத்து ஒருநாள் விட்டுப் பாருங்கள். அந்த ஒருநாளில் எழவே இல்லையென்றால் பட்டன்தான் காரணம். ரீசெட் பட்டன் நன்றாக இருந்தால், அதன் வயரை இந்த இடத்தில் செருகி அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லீப்பிலிருந்து எழுகிறதா?

இங்கே கேள்வி கேட்டால் விண்டோஸே பதில் சொல்லும். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே லாஸ்ட்வேக் என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று காட்டும். லாஸ்ட்வேக் இருந்த இடத்தில் வேக்டைமர்ஸ் என்று அடித்தால், இனி எழுப்பக் காத்திருக்கும் அலாரங்கள் எவை என்று தெரியும்.

மவுஸ் என்று வந்தால்: டிவைஸ் மேனேஜரில் மவுஸை இரட்டைக் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்ற டிக்கை எடுங்கள். மேஜை லேசாக அதிர்ந்தாலும் சில மவுஸ்கள் நகர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். கீபோர்டுக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதும்.

நெட்வொர்க் என்று வந்தால், அதே இடத்தில் மேஜிக் பாக்கெட் மட்டும் எழுப்பலாம் என்ற டிக்கைப் போடுங்கள். மேஜிக் பாக்கெட் என்பது உங்கள் நெட்வொர்க் கார்டின் முகவரியை 16 முறை திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சின்னச் செய்தி, தற்செயலாக வராது. அது இல்லாமல் விட்டால், வீட்டு ரவுட்டரோ டிவியோ சும்மா விசாரிப்பதற்குக்கூடச் சில கார்டுகள் எழுந்துவிடும். யாரும் தூரத்திலிருந்து இந்தக் கணினியை எழுப்பப் போவதில்லை என்றால் மொத்தமாகவே அணைத்துவிடுங்கள்.

டைமர் என்று வந்தால், பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்புகளில் ஸ்லீப் என்பதை விரித்து, அலவ் வேக் டைமர்ஸ் என்பதை டிசேபிள் ஆக்குங்கள்.

தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைகிறதா?

இது வேறு நோய். பெரும்பாலும் ஹார்டுவேர். ரேம் (மதர்போர்டில் செருகும் நினைவகப் பட்டை) சரியாக உட்காராவிட்டால், கணினி எழுந்து சில நொடியில் அணைந்து மறுபடி எழும். திரையில் ஒன்றும் வராது. கரண்ட் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பகுதியை மெதுவாகத் துடைத்து, இரண்டு பக்கமும் "க்ளிக்" கேட்கும்வரை அமுக்குங்கள். பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் சூடு. பிராசஸர் விசிறியில் தூசி அடைத்திருக்கும். ஃபேனோ மோட்டாரோ போடும் நேரத்தில் நிற்கிறது என்றால் லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் யுபிஎஸ் பேட்டரி வயதாகிவிட்டது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்; அதில் வைத்தால் கரண்ட் மாறும் இடைவெளி குறையும்.

கேபினெட்டைத் தொடும் முன் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சேமிக்கப்படுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே நிற்கும். அது ஆளைக் கொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் கடைக்கு எடுத்துப் போங்கள், அந்தக் காலண்டர் தாளோடு. "தானா ஆன் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முழுதாக அணைந்த நிலையிலிருந்து எழுகிறது, நேரம் மாறி மாறி வருகிறது, பயாஸில் ஏசி பவர் லாஸ் ஆஃபில் இருக்கிறது, பட்டன் வயரைக் கழற்றியும் எழுகிறது" என்று சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொன்னால், வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி உங்கள் கண் முன்னால் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அத்தை வீட்டில் பயாஸை மாற்றிய பிறகு, அவர் கையாலேயே சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். கணினி அசையவில்லை. இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜ் பக்கம் போய், ஸ்டெபிலைசர் "டக்" என்று அடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டு வந்தார்.